கழுத்துச் சுரப்பியும் நீர்க்கட்டியும்

காஞ்சீபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் பாதையில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு வழியனுப்ப நாம் அங்கே நடந்து சென்றபோது, ஒரு திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்த மூதாட்டி நம்மை நிறுத்தினார். உள்ளிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. மருமகளின் ஸ்கான் படமும் சில காகிதங்களும் அதில் இருந்தன.

"வயித்துல பன்னெண்டு கட்டின்னு எழுதியிருக்காங்களே ஐயா, அறுத்து எடுக்கணுமா? கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. தெருவே பேசுது" என்றார். மருமகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறவாமல் நின்றாள்.

நாம் வைத்தியரல்லோம். ஆயினும் இந்தக் கேள்வி ஐயம்பேட்டைக்கு மட்டும் உரியதன்று; நம் வாசக நேயர்களின் வீடுகள் பலவற்றிலும் தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது. ஆகவே அறிந்தவர்களிடமும் நூல்களிடமும் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

'நீர்க்கட்டி' என்ற பெயரே முதல் குற்றவாளி. அவை கட்டிகளே அல்ல. சினைப்பையில் மாதந்தோறும் பல கருமுட்டைப் பைகள் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று முதிர்ந்து வெடிப்பது இயற்கை. அவ்வாறு முதிராமல் பாதியில் நின்றுபோனவை, படத்தில் மணி கோத்தாற்போல் வரிசையாகத் தெரிகின்றன. புற்றுநோய்க்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. அறுத்தெடுக்க வேண்டியவையும் அல்ல. 1935-ஆம் ஆண்டில் சிகாகோ நகர வைத்தியர்களான ஸ்டைனும் லெவெந்தாலும் ஏழு பெண்களின் நிலையை ஆராய்ந்து இந்நோயை விவரித்தார்கள். சினைப்பையில் ஆப்புப் போல் ஒரு துண்டை வெட்டியெடுப்பதே அக்காலத்துச் சிகிச்சை. இப்போது அதற்கு மாத்திரைகளும் வாழ்க்கை முறையும் வந்துவிட்டன.

கோளாறின் வேர் சினைப்பையில் மட்டும் இல்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி சினைப்பைக்கு அனுப்பும் இரண்டு கட்டளைகளில் ஒன்று மிகுந்துபோகிறது. அதனால் ஆண் தன்மையுள்ள ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. முகத்தில் ரோமம், பரு, மாதங்கள் தள்ளிப்போகும் தீட்டு ஆகியவை இதன் விளைவுகள். இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் ரத்தத்தில் மிகுவதும் இந்தத் தீயில் நெய் வார்க்கிறது. பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் உண்டென்பது இதனாலேதான்.

நிற்க. அந்த உறையில் வேறொரு சிறு காகிதமும் இருந்தது. கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டுச் சுரப்பியைப் பற்றிய ரத்தப் பரிசோதனை அது. அதில் அளவு மிகுதி என்று குறித்திருந்தும், கட்டியின் பேச்சில் அதை யாரும் கவனிக்கவில்லை. நமக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

தைராய்டு மந்தமானால் பிட்யூட்டரி அதை எழுப்புவதற்காகக் கூவுகிறது. காகிதத்தில் காணும் டி.எஸ்.எச். என்ற எண் அந்தக் கூவலின் அளவுதான். அக்கூவலோடு சில பெண்களுக்குப் பால் சுரப்பிக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் மிகுந்து, தீட்டை நிறுத்திவிடுகிறது. ரத்தத்திலுள்ள ஆண் ஹார்மோனைப் பிடித்துக் கட்டி வைக்கும் புரதமும் குறைகிறது; கட்டவிழ்ந்தது தன் இஷ்டம்போல் திரிகிறது. நெடுநாள் கவனியாத தைராய்டு மந்தத்தால் சினைப்பையே வீங்கிப் படத்தில் நீர்க்கட்டியைப் போலவே தோன்றுவதும், தைராக்ஸின் மாத்திரை கொடுத்தபின் அது வடிந்துவிடுவதும் வைத்திய உலகம் கண்ட உண்மை. ஆகையால்தான், தைராய்டையும் புரோலாக்டினையும் பார்த்துவிட்டுத்தான் நீர்க்கட்டி நோயென்று பெயரிட வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டி நெறிகள் சொல்லுகின்றன.

இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. 2004-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆராய்ச்சியில், நீர்க்கட்டி நோயுள்ள பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. நோயில்லாதவர்களில் பன்னிரண்டில் ஒருவருக்கே இருந்தது. தன் உடலே தன் சுரப்பியைத் தாக்கும் இவ்விபரீதத்தை 1912-இல் எழுதி வைத்தவர் ஜப்பானியரான ஹாஷிமோட்டோ. நம் நாட்டிலும் சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான கணக்கில், நூற்றுக்குப் பதினொருவர் தைராய்டு மந்தமுள்ளவர்களாகக் காணப்பட்டனர்.

"ஐயோடின் உப்பை இரண்டு பங்காகப் போட்டால் சரியாகாதோ?" என்று கேட்பாருண்டு. ஆகாது. 1956-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி முதலியோர் தொடங்கிய ஆராய்ச்சியால், ஐயோடின் உப்பு கழுத்துக் கழலையை ஒழிக்கும் என்பது நிரூபணமாயிற்று. 1962-இல் தேசியத் திட்டமும் பிறந்தது. வேதாரண்யத்தில் உப்பள்ளிய தேசத்திற்கு அது பெருமைதான். ஆனால் ஹாஷிமோட்டோ நோய் உப்புக் குறைவால் வருவதன்று. அளவு மீறிய ஐயோடின் அதைக் கெடுக்கவும் கூடும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பூப்பெய்திய முதல் இரண்டொரு வருஷங்கள் தீட்டு முன்பின்னாக வருவது இயற்கையே. பூப்பெய்தி எட்டு வருஷம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கான் படத்தைக்கொண்டு இந்நோயைத் தீர்மானிக்கலாகாதென்று அதே நெறிகள் எச்சரிக்கின்றன. படத்துக்கு அவசரப்பட்டு, கல்யாணப் பேச்சில் அதைச் சேர்த்துக் குழப்பவேண்டாம். ஆனால் வயதுவந்த பெண்ணுக்கு மூன்று மாதம் சேர்ந்தாற்போல் தீட்டு வராவிட்டால், கருப்பையின் உட்படலம் தடித்துப்போகும். அப்போது வைத்தியரைப் பார்க்கத் தாமதிக்கலாகாது.

இன்னொன்றையும் அந்த மூதாட்டியிடம் நாம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். மகனுக்கும் பரிசோதனை நடந்ததா என்று. இல்லையென்றார். தறிக்குழியில் இருந்தவன் தலை நிமிர்ந்தான். நாடா சிறிது நின்றது. மலடியென்ற சொல் ஒருத்தியைச் சுடுவதற்கு முன் இருவரையும் பார்ப்பதல்லவா நியாயம்? மேலும், கரு உருவாகும் முதல் மாதங்களில் சிசுவின் மூளைக்கு வேண்டிய தைராய்டுச் சத்தைத் தாயே தரவேண்டியிருப்பதால், அந்தச் சிறு காகிதத்தை இப்போதே வைத்தியரிடம் காட்டுங்கள் என்றோம்.

மருமகள் அப்போதுதான் வாய் திறந்தாள். "மாத்திரை ஏற்கனவே கொடுத்திருக்காங்க. காலையில காப்பியோட போட்டுக்கறேன். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லக்கூடவில்லை. காப்பி அந்த மருந்தை உடலில் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காப்பி குடிக்கவேண்டும்; இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்றோம். மாமியார் தாரை வைத்துவிட்டு, "அப்ப நாளையிலேருந்து காப்பியை ஏழு மணிக்குப் போடறேன்" என்றார்.