பிக்கப் வேண்டுமா? முதலில் அளவு பாருங்கள்!

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சீபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத்துக்கு அருகே இருக்கிறது. பெருமாள் கோவிலால் பெயர் பெற்ற ஊர். இன்று அந்த வட்டாரத்தில் காதைத் துளைப்பது டிப்பர் லாரிகளின் சத்தம்! சுற்றிலும் கல் குவாரிகள். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓடுகின்றன.

பாரம் சுமக்கும் மாடு ஒருநாள் களைத்துப் போகும். லாரி என்ஜினும் அப்படித்தான். கரும்புகை தள்ளும். ஏற்றத்தில் திணறும். ஆயிலைக் குடிக்கும். வேறு வழி இல்லை. என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான்.

அப்போது லாரிக்காரருக்கு ஓர் ஆசை வருகிறது. "பிரித்ததுதான் பிரித்தோம், பிக்கப்பையும் கூட்டிவிட்டால் என்ன?" என்று நினைக்கிறார். ஆசையில் தவறு இல்லை. ஆனால், சாமான் வாங்கும் வகையில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

கல்வெட்டு சொல்லும் பாடம்

திருமுக்கூடல் கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டியது. அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று நடந்தது. அதாவது, மருத்துவமனை! வைத்தியர் இருந்தார். அறுவை செய்பவர் இருந்தார். மருந்துகளின் பெயரும், அவற்றின் அளவும் கல்லிலே எழுதப்பட்டிருக்கின்றன.

மருந்துக்கு அளவு வேண்டும் என்று ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் தெரிந்திருந்தது. என்ஜினுக்கும் அதே விதிதான்.

காற்று இல்லாத டீசல்

பிக்கப் கூட்டக் குறுக்கு வழி ஒன்று உண்டு. டீசல் பம்பைத் திருகி, கூடுதல் டீசல் போகும்படி செய்வது. பெரிய ஓட்டை உள்ள நாசில் மாட்டுவது.

இதில் என்ன நடக்கிறது? ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய, சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும்! காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால், மிச்சம் கரும்புகையாக வெளியே போகும். காசுதான் புகையாகப் போகிறது! என்ஜினுக்குள் சூடு ஏறும். பிஸ்டன் உருகும். ஹெட் வெடிப்பு விடும்.

அதிகக் காற்றை உள்ளே தள்ளத்தான் டர்போ இருக்கிறது. ஆனால், டர்போ இல்லாமல் பிறந்த என்ஜினில் டர்போவை மட்டும் ஒட்டவைத்தால் போதுமா? போதாது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் பிஸ்டன் வேண்டும். பேரிங்கும் ஹெட் கேஸ்கட்டும் தாங்க வேண்டும். ஆயிலும் தண்ணீரும் கூடுதல் சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டும். ஒன்று பலமாகி மற்றது பலவீனமாக இருந்தால், பலவீனமானது உடையும்.

மயிரிழைக் கணக்கு

கிராங்கை 0.25 மில்லிமீட்டர் தேய்த்தால், அதே 0.25 அண்டர்சைஸ் பேரிங்தான் போட வேண்டும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு தலைமயிர் பருமன்தான் இடைவெளி. அதில்தான் ஆயில் ஓடுகிறது. இடைவெளி அதிகமானால் ஆயில் அழுத்தம் விழும். குறைந்தால் பேரிங் பிடித்துக்கொள்ளும்.

லைனர் ஒரு கடையில், பிஸ்டன் வேறு கடையில், ரிங் விலை மலிந்த இடத்தில் என்று சேர்த்தால், அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஒரே கம்பெனியின் செட்டாக வாங்குவதே நல்லது.

நல்ல சாமானுக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. செம்பியத்தில் 1949ஆம் ஆண்டிலேயே பிஸ்டன் தொழிற்சாலை தொடங்கிய நாடு இது!

பணம் குறைவாக இருந்தால்?

"இதெல்லாம் பெரிய முதலாளிக்குச் சரி. ஒற்றை லாரி வைத்துத் தவணை கட்டுகிறவன் என்ன செய்வான்?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி!

அவர்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். பெரிய முதலாளிக்கு ஒரு வண்டி நின்றால் மற்றொன்று ஓடும். ஒற்றை லாரி நின்றால், வீட்டில் அடுப்பு நிற்கும்.

பணம் குறைவானால் டர்போவை மறந்துவிடலாம். லேத்தில் கொடுத்து எல்லாவற்றையும் அளக்கச் சொல்லட்டும். அந்த அளவுகளைத் தாளில் எழுதி வாங்கட்டும். பேரிங், ரிங், கேஸ்கட், தண்ணீர் பம்ப், ஆயில் பில்டர் ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நாசில்களைச் சோதித்து, கம்பெனி சொன்ன அளவிலேயே வைக்கட்டும். பில் இல்லாத சாமானைத் தொடவே வேண்டாம். இவ்வளவு செய்தாலே, இழந்த இழுவை திரும்பி வரும்.

புதிய வண்டிக்காரருக்கு இன்னொரு எச்சரிக்கை. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.6 லாரிகளில் டீசல் அளவைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அதில் கைவைத்தால், புகையைச் சுத்தம் செய்யும் கருவி கரி பிடித்து அடைத்துக்கொள்ளும்.

பிரேக்கை மறக்கலாமா?

பிக்கப் ஆசையின் வேர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அதிக பாரத்தில்! 2018ஆம் ஆண்டில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதற்கும் மேலே ஏற்றினால், 2019ல் திருத்திய சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

அபராதம் போகட்டும். என்ஜினைப் பெரிதாக்குகிறவர்கள் பிரேக்கைப் பெரிதாக்குவதில்லையே! குவாரிச் சரிவில் இறங்கும் லாரிக்கு எதிரே சைக்கிளில் பள்ளிப் பிள்ளை வருகிறது. அங்கே வேண்டியது இழுக்கும் பலமா, நிற்கும் பலமா?

லாரி நாலு காசு சம்பாதிப்பது வேகத்தால் அல்ல, நிற்காமல் ஓடுவதால். அளவோடு பொருந்திய என்ஜின் பல ஆண்டு சோறு போடும். அளவு மீறிய என்ஜின், வாங்கிய கடனை அடைக்கும் முன்பே பட்டறைக்குத் திரும்பும்!