மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கலாமா?

தாயும், மகளும் தயாரித்த கேள்வித்தாள் கம்பெனிகளில் பரவியது எப்படி?

ஒரே அலுவலகம். ஒரே வேலை. ஒரே சம்பளம். ஆனால் மனிதர்கள் ஒரே மாதிரி இல்லை.

நாலு பேர் முன்னால் பாராட்டினால் ஒருவர் உற்சாகம் அடைகிறார். இன்னொருவர் கூச்சத்தால் நெளிகிறார். ஒருவர் கேட்டவுடன் பதில் சொல்கிறார். மற்றொருவர் யோசித்து, மறுநாள்தான் சொல்கிறார். ஆனால் அது நல்ல யோசனையாக இருக்கிறது. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தும் மானேஜர், யாராவது ஒருவருடைய திறமையை இழந்து விடுகிறார்.

இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பல நாடுகளில் கம்பெனிகள் ஒரு சோதனை நடத்துகின்றன. அதன் பெயர் "மயர்ஸ்-பிரிக்ஸ்" சோதனை. கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா என்பது போன்ற பல கேள்விகள் அதில் உண்டு. பதில்களைப் பார்த்து, மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கிறார்கள்.

தாயும், மகளும்

இதை உருவாக்கியவர்கள் டாக்டர்கள் அல்ல, பேராசிரியர்களும் அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தாயும், மகளும்! தாயின் பெயர் கேதரின் பிரிக்ஸ். மகள் இசபெல் மயர்ஸ். இசபெல், துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு பெற்றவர்.

சுவிட்சர்லாந்து மனோதத்துவ நிபுணர் கார்ல் யுங், 1921-ம் ஆண்டில் மனித சுபாவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது ஆங்கிலத்தில் வந்ததும், கேதரின் அதை ஊன்றிப் படித்தார்.

பிறகு இரண்டாவது உலகப்போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று சொல்ல முடிந்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று இசபெல் நினைத்தார். கேள்வித்தாளைத் தயாரித்தார்.

முத்திரை குத்தலாமா?

நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பலர் இந்தச் சோதனையை ஒப்புக்கொள்வது இல்லை. சில வாரம் கழித்து மறுபடியும் பதில் எழுதினால், பலருக்கு வேறு வகை வந்து விடுகிறது. 1991-ம் ஆண்டில் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு ஒன்று இதைப் பரிசீலித்தது. தொழில் ஆலோசனைக்கு இதைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியது.

சுபாவமும் உயரத்தைப் போன்றதுதான். உலகில் நெட்டை, குட்டை என்று இரண்டே வகை மனிதர்களா இருக்கிறார்கள்? பெரும்பாலோர் நடுத்தர உயரம். அதுபோலவே, பெரும்பாலோர் கலகலப்புக்கும், கூச்சத்துக்கும் நடுவில் இருக்கிறார்கள். அவர்களையும் ஏதாவது ஒரு பக்கம் தள்ளி விடுகிறது, இந்தச் சோதனை.

வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்று, சோதனையை வெளியிடும் நிறுவனமே கூறுகிறது. கூச்ச சுபாவம் உள்ளவர் என்று ஒருவருக்கு முத்திரை குத்தி, பதவி உயர்வைத் தடுத்தால், பாதிக்கப்படுவது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

தொழிலாளர்களிடம் பேட்டி

அப்படியானால் ஒருவரைப் புரிந்துகொள்வது எப்படி? ஒரு பழைய அனுபவம் வழி காட்டுகிறது.

சிகாகோ நகரை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில், டெலிபோன் கருவிகள் தயாராகி வந்தன. 1928-ம் ஆண்டு முதல் 1930 வரை, அங்கே 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். முதலில், எழுதி வைத்த கேள்விகளைக் கேட்டார்கள். தொழிலாளர்களோ வேறு விஷயங்களைப் பேசினார்கள். எனவே கேள்விகளை ஒதுக்கி விட்டு, அவர்கள் போக்கிலேயே பேச விட்டார்கள். அரை மணியில் முடிந்த பேட்டி, ஒரு மணிக்கு மேல் நீண்டது.

ஒரு பெண் தொழிலாளியைச் சமாளிப்பது கஷ்டம் என்று மேற்பார்வையாளர் எச்சரித்து இருந்தார். அந்தப் பெண்ணுக்கும் அவரைக் கண்டால் ஆகாது. மனம் விட்டுப் பேசியபோது, காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். தாயின் இரண்டாவது கணவரை அவள் வெறுத்து வந்தாள். மேற்பார்வையாளர் அவரைப் போலவே அவள் கண்ணுக்குத் தெரிந்தார்! ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்டன் மேயோ இதை எழுதி இருக்கிறார். 16 வகைகளில் எதில் தேடினாலும் இந்தக் காரணம் கிடைத்து இருக்காது.

ஆனால் பேச விட்டால் மட்டும் போதாது. 1929-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில், ஹாதார்னிலும் ஏராளமானவர்கள் வேலை இழந்தார்கள். பேட்டிகளும் நிறுத்தி வைக்கப்பட்டன. வேலைக்கே ஆபத்து வரும்போது, ஆறுதலாகக் கேட்பது சோறு போடாது.

என்ன செய்யலாம்?

யோசித்துப் பேசுகிறவருக்கு, கூட்டத்தில் பேசப்போகும் விஷயத்தை முதல் நாளே சொல்லலாம். கூச்சம் உள்ளவரைத் தனியே அழைத்துப் பாராட்டலாம். காரணம் தெரிந்தால்தான் மனம் ஒன்றி வேலை செய்வேன் என்கிறவருக்குக் காரணத்தை விளக்கலாம்.

யார் எப்படிப்பட்டவர் என்று தெரியவில்லையா? "எப்படிச் சொன்னால் உங்களுக்கு வசதியாக இருக்கும்?" என்று அவரிடமே கேட்கலாம். கேட்டதோடு நிற்காமல், மறுநாள் அதன்படி நடக்கவும் வேண்டும்.