பாதாளச் சாக்கடை முடியும் இடம்: அமெரிக்கக் கிராமப்புறமும் கறுப்பின மக்களும்

2025 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க நீதி அமைச்சகம் ஓர் உடன்பாட்டை முறித்துக்கொண்டது. அலபாமா மாநிலத்தின் லௌண்ட்ஸ் மாவட்டத்தில், கழிப்பறைக் கழிவு வெளியேற வழியின்றி வாழும் மக்களுக்காக, அம்மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையோடு 2023 மே மாதத்தில் செய்துகொண்ட உடன்பாடு அது. இனப் பாகுபாட்டைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்ட திட்டங்களைக் கைவிட வேண்டும் என்னும் டிரம்ப் அரசின் ஆணை காரணமாகக் காட்டப்பட்டது. வீட்டின் பின்புறத்தில் தேங்கி நிற்கும் மலத்தை அகற்றுவது எவ்வாறு ஒரு சாராருக்கு வழங்கப்படும் சலுகையாகும் என்பது நமக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே பெரும் பிளவு இருப்பதாக 2016 தேர்தலுக்குப் பிறகு ஓயாமல் பேசப்படுகிறது. பெருநகரச் செய்தியாளர்கள் சிற்றூர் உணவகங்களுக்குப் படையெடுத்து, அங்கே அமர்ந்திருந்த வெள்ளையரின் மனக்குறைகளைப் பக்கம் பக்கமாக எழுதினர். அக்குறைகளைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஊரகப் பகுதிகளில் வாழ்கின்றனர். 2010க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஊரக மருத்துவமனைகள் மூடப்பட்டன. சுரங்கங்கள் ஓய்ந்தன, இளைஞர்கள் வெளியேறினர். ஆயினும் இந்தப் பேச்சு முழுவதிலும் கிராமம் என்றால் வெள்ளையர், நகரம் என்றால் கறுப்பினத்தவரும் குடியேறியவர்களும் என்ற கணக்கு ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கு தவறு. அமெரிக்க ஊரக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெள்ளையரல்லாதவர். லௌண்ட்ஸ் மாவட்டத்திலோ வாழும் சுமார் 10 ஆயிரம் பேரில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். முழுக்க முழுக்கக் கிராமப்புறமான இம்மாவட்டம் 2016இல் டிரம்புக்கு எதிராகவே வாக்களித்தது. அதன் மனநிலையை அறிய எத்தனை செய்தியாளர்கள் சென்றார்கள்?

மாநிலத் தலைநகரான மான்ட்கமரிக்கும் செல்மாவுக்கும் நடுவே இருக்கிறது லௌண்ட்ஸ். அந்த வட்டாரத்துக்குக் கறுப்பு வளையம் என்ற பெயர் முதலில் மண்ணின் நிறத்தால் வந்தது. நாம் கரிசல் என்று சொல்வதைப் போன்ற, பருத்திக்கு உகந்த கறுப்புக் களிமண் அது. அந்த மண்ணுக்காகவே ஆப்பிரிக்க வம்சாவளியினர் அடிமைகளாக அங்கே கொண்டுவரப்பட்டனர். அடிமை முறை ஒழிந்த பின்னும் அவர்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிரிடுவோராகக் கடனில் சிக்கிக் கிடந்தனர். 1906இல் அறிஞர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸ், நடுவண் அரசின் தொழிலாளர் அலுவலகத்துக்காக இம்மாவட்டத்தின் நிலவுடைமையையும் உழைப்பையும் விரிவாக ஆய்வு செய்தார். அரசு அதை வெளியிட மறுத்தது. கையெழுத்துப் படி பின்னர் அழிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1946இல், அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இதே டு போய்சுக்குத்தான். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் படிகளைக் கேட்ட அக்கடிதத்தில், தீண்டப்படாதோர் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டிருந்தார்.

1965இன் தொடக்கத்தில், மக்கள்தொகையில் ஐந்தில் நால்வர் கறுப்பினத்தவராக இருந்த லௌண்ட்சில், வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்த கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. அவ்வாண்டு செல்மாவிலிருந்து புறப்பட்ட வாக்குரிமைப் பேரணி இம்மாவட்டத்தின் வழியாகத்தான் நடந்து சென்றது. பெயரைப் பதிவு செய்யத் துணிந்த குடும்பங்களை நில உரிமையாளர்கள் வீட்டை விட்டு வெளியேற்றினர். அவர்கள் நெடுஞ்சாலையோரத்தில் கூடாரமடித்து ஈராண்டுக்கும் மேலாகத் தங்கினர். அந்த மக்கள் தொடங்கிய கட்சியின் சின்னமே கருஞ்சிறுத்தை. அதுவே பின்னர் ஓக்லாந்து நகரில் உருவான இயக்கத்துக்குப் பெயரானது. மராட்டியத்தில் 1972இல் தலித் சிறுத்தைகள் எழுந்ததற்கும் வேர் அங்கே செல்கிறது. சிறுத்தையை நகரத்தின் குழந்தை என்று நினைப்பவர்கள் அதிகம். அது பிறந்தது ஒரு பருத்திக் கிராமத்தில்.

அந்தக் களிமண்தான் இன்று வேறொரு வகையில் பகையாகியிருக்கிறது. நீரை அது எளிதில் உறிஞ்சாது. வழக்கமான செப்டிக் டேங்க் அங்கே நிரம்பி வழிகிறது. மழைக்காலத்தில் கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது. மண்ணுக்கேற்ற சிறப்பு அமைப்பைக் கட்டப் பல ஆயிரம் டாலர் வேண்டும். அது பல குடும்பங்களின் ஓராண்டு வருமானத்தையும் விழுங்கிவிடும். எனவே கழிப்பறையிலிருந்து ஒரு குழாயை நேரே வெளியே நீட்டி, சற்றுத் தொலைவில் பள்ளத்திலோ புதரிலோ விட்டுவிடுகின்றனர். கடன் வாங்கவும் வழியில்லை. முன்னோர் உயில் எழுதாமல் இறந்ததால் பல குடும்பங்களின் நிலம் வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிறது; தெளிவான பத்திரம் இல்லாத நிலத்தை எந்த வங்கியும் ஈடாக ஏற்பதில்லை.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் இந்த இடத்தில்தான் காண வேண்டும். நகரத்தில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அது மாநகராட்சியின் தவறு. குழாய் எட்டாத ஊரில் அதே கழிவு வீட்டுக்காரரின் குற்றமாகிவிடுகிறது. சட்டப்படியும் குற்றம். உரிய கழிவு அமைப்பு இல்லாதோர் மீது வழக்குத் தொடர அலபாமா சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு ஏழைகள் கைது செய்யப்பட்டதையும் கைதுக்கு அஞ்சி வாழ்ந்ததையும் அதே மாவட்டத்தில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகுக்குச் சொல்லி வருகிறார். அரசு செய்யத் தவறியதற்கு மக்களைத் தண்டிக்கும் முறை இது. அசுத்தத்தை மக்கள் மேல் சுமத்திவிட்டு, பிறகு அவர்களையே அசுத்தமானவர்கள் என்று சொல்லும் வழக்கத்தை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, லௌண்ட்சில் பரிசோதிக்கப்பட்ட 55 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் கொக்கிப்புழுவின் தடயம் இருப்பதாகக் கூறியது. வளர்ந்த நாடுகளில் ஒழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நோய் அது. மாநில அரசு அந்த முடிவுகளை ஏற்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா.வின் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் அலபாமா வந்து பார்த்து, வளர்ந்த நாடுகளில் இப்படியொரு காட்சி மிக அரிது என்றார். 2021 நவம்பரில் நீதி அமைச்சகம் 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் சட்டத்தின் கீழ் விசாரணையைத் தொடங்கியது. அதன் விளைவான உடன்பாடு, வழக்குகளை நிறுத்திவைக்கவும், எந்த வீடுகளுக்கு உதவி முதலில் தேவை எனக் கணக்கெடுக்கவும் மாநிலத் துறையைக் கடமைப்படுத்தியது. அதுதான் இப்போது இல்லை.

குழாய் எங்கே முடிய வேண்டும் என்பதைத் தொலைவு மட்டுமே தீர்மானிப்பதில்லை. ஒஹாயோ மாநிலத்தின் சேன்ஸ்வில் நகரத்தை ஒட்டிய கோல் ரன் என்ற குடியிருப்பைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் கறுப்பினத்தவர். அருகிலிருந்த வெள்ளையர் வீடுகளுக்குக் குடிநீர் வந்தது. இவர்கள் ஏறத்தாழ 50 ஆண்டுகள் மழைநீரைப் பிடித்தும் லாரியில் சுமந்தும் வாழ்ந்தனர். ஊரும் சேரியும் என்ற பிரிவை அறிந்தவருக்கு இந்த வரைபடம் புதிதல்ல. 2008இல் நீதிமன்ற நடுவர் குழு இது இனப் பாகுபாடே என்று கண்டு, சுமார் 1.1 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

கிராமத்தை ஒடுக்குமுறையின் கிடங்காகக் கண்ட அம்பேத்கர், 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே அதைக் கடுமையாகச் சாடினார். அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களும் அதே முடிவுக்கு வந்து, 1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். நகரம் அவர்களுக்கு ஊதியத்தையும் வாக்கையும் தந்தது. ஆனால் வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட சிவப்புக்கோட்டுப் பகுதிகளுக்குள் அடைத்தும் வைத்தது. கறுப்பினப் பெரும்பான்மை கொண்ட ஃபிளிண்ட் நகரின் குடிநீரில் 2014க்குப் பின் ஈயம் கலந்ததையும், 2022இல் மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில் குழாய்கள் வறண்டதையும் பார்க்கும்போது, நகரத்தில் குழாய் இருப்பது மட்டுமே போதாது என்று தெரிகிறது.

கிராமத்தில் தங்கியவர்களிடமிருந்து நிலம் போனது. 1920இல் 9 லட்சத்துக்கும் மேல் இருந்த கறுப்பின உழவர்கள் இன்று 50 ஆயிரத்துக்கும் குறைவு. நாட்டுக்கே முதுமைக்கால ஓய்வூதியம் கொடுத்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டுவேலை செய்வோரையும் விலக்கியது. கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் இவ்விரண்டு வேலைகளில்தான் இருந்தனர். வேளாண் துறை கடன் வழங்கலில் காட்டிய பாகுபாட்டுக்கு 1999இல் வழக்கின் வழியே இழப்பீடு கிடைத்தது. ஆனால் 2021இல் அறிவிக்கப்பட்ட கடன் தள்ளுபடியை வெள்ளை உழவர்கள் வழக்குத் தொடுத்துத் தடுத்தனர்; மறு ஆண்டே நாடாளுமன்றம் அதை நீக்கியது.

இதில் ஏழை வெள்ளையர் ஆதாயம் அடைந்தார்களா? மேற்கு வர்ஜீனியாவின் கைவிடப்பட்ட நிலக்கரி ஊர்களிலும் வீட்டுக் கழிவு நேரே ஓடையில்தான் விழுகிறது. அவர்களது குழாயையும் எந்த அரசும் நீட்டவில்லை. லௌண்ட்சின் உடன்பாடு முறிந்ததால் அவர்கள் வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க்கூடக் கூடுதலாக வரப்போவதில்லை.

ஒதுக்கப்பட்ட நிதி தீரும்வரை கழிவு அமைப்புகளைப் பொருத்தும் பணி தொடரும் என்று அலபாமா சுகாதாரத் துறை அறிவித்தது. நிதி தீர்ந்த பிறகு என்ன என்பதற்கு அதில் விடை இல்லை. இனி வீட்டுக்காரர் மீது வழக்குப் போட்டால் தட்டிக்கேட்க, வாஷிங்டனின் கையெழுத்திட்ட தாளும் இல்லை.