உதவி கேட்டால் ஏழை இல்லை. மறியலுக்கு மட்டும் ஏழையா?



எனது வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று கிழமையாக வரவில்லை. லயத்துக்குப் போய் விசாரித்தேன். விறகு வெட்டிய வழக்கில் தண்டப்பணம் கட்ட முடியாமல் தகப்பன் மறியலில். தாய் பால் வெட்டுக்குப் போவதால் இந்தப் பிள்ளைதான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறது.

இதே குடும்பம் அஸ்வெசுமவுக்கும் விண்ணப்பித்திருந்தது. பட்டியலில் பெயர் வரவில்லை. உதவி பெறும் அளவுக்கு ஏழை இல்லையாம்!

சமுர்த்திக்குப் பதிலாக 2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று பார்த்துப் புள்ளி போடுகிறது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பேரும் இல்லை. அந்த மாதம் நம் அடுப்பு எப்படி எரிந்தது என்று எந்தப் புள்ளி சொல்லும்?

குற்றம் செய்தால் தண்டனை வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். ஆனால் நீதவான் விதித்தது காசு. காசுள்ளவன் அதைக் கட்டிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடுகிறான். இல்லாதவன் மறியலுக்குப் போகிறான். அப்படியானால் மறியல் குற்றத்துக்கா, இல்லாமைக்கா? தண்டனை பெற்றுச் சிறை செல்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்களே என்று சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களே பல வருடங்களாகச் சொல்லி வருகின்றன.

மறுபக்கத்தையும் பாருங்கள். சேமலாப நிதிக்கு எங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கிறார்கள். நிர்வாகம் 12 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால், 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிலுவையையும் நீதவான் மூலம் தண்டப்பணம் போலவே அறவிடலாம். ஆனால் ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வைத்த நிலுவை ஆண்டுக்கணக்கில் நீண்டது. எந்தத் துரை அதற்காக மறியல் சோறு சாப்பிட்டார்?

பாட்டன் காலத்தில் கடன் தீராதவருக்குத் துண்டு கிடைக்காது. வேறு தோட்டத்துக்குப் போகவும் முடியாது. 1921 இல் துண்டு ஒழிந்தது. காசில்லாதவனைக் கட்டிப்போடும் வழக்கம் ஒழியவில்லை.

எமது கோரிக்கைகள் மூன்று. அஸ்வெசும கணக்கெடுப்பில் தோட்டத்தின் பேர் நாட்களையும் பார்க்க வேண்டும். தண்டப்பணம் கட்ட வசதியற்றவரைச் சிறைக்கு அனுப்பாமல், 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி சமுதாய வேலைக்கு அனுப்ப வேண்டும். சேமலாப நிதி நிலுவையை உடனே அறவிட வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: வழக்கு வந்தால் தனியாகப் போய்க் கைகட்டி நிற்காதீர்கள். தண்டப்பணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள். அனுமதிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. சட்ட உதவி ஆணைக்குழுவிடம் இலவச உதவி கேட்கலாம். அஸ்வெசுமவில் பெயர் விடுபட்டவர்கள் கடிதங்களோடு தோட்டக் கமிட்டித் தலைவரிடம் வாருங்கள். மேன்முறையீட்டை நாங்கள் எழுதித் தருகிறோம்.

அந்தப் பிள்ளையின் பெயர் வரவு இடாப்பில் இன்னும் இருக்கிறது. அதை வெட்ட நான் விடமாட்டேன்.

— மாவனல்லைப் பகுதி அமைப்பாளர்