எக்ஸெல் ஷீட் டேட்டாபேஸ் ஆகாது!

கம்ப்யூட்டர் வாங்கிய சில நாட்களிலேயே நம்மில் பலர் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். போன் நம்பர்கள், சீட்டுக் கணக்கு, கடை பாக்கி, கல்யாண மொய் என எல்லாம் எக்ஸெல் ஷீட்டில் ஏறிவிடும். கட்டம் கட்டமாக அழகாகத் தெரிவதால், "நானே ஒரு டேட்டாபேஸ் செய்துவிட்டேன்" என்ற திருப்தியும் வந்துவிடும். அந்தத் திருப்திதான் ஆபத்து என்பது என் கருத்து. பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்தபோது, எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு ரத்த தானம் செய்பவர்களின் பட்டியல் ஒன்றை எக்ஸெலில் செய்து கொடுத்தேன். பெயர், வயது, ரத்த வகை, போன் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என்று ஐந்து நெடுவரிசைகள். அதே செமஸ்டரில் எனக்கு டேட்டாபேஸ் பாடமும் இருந்தது. நார்மலைசேஷன் விதிகளை மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கினேன். அந்த விதிகளுக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தம் உண்டு என்று மட்டும் தோன்றவே இல்லை!

நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு நள்ளிரவில், பிரசவத்துக்குச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. மன்றச் செயலாளர் அண்ணன் பைலைத் திறந்து தேடினார். இரண்டே பெயர்கள் வந்தன. ஒருவரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. இன்னொருவர் முந்தைய மாதம்தான் ரத்தம் கொடுத்திருந்தார். பக்கத்து ஊரில் இருந்து ஒருவர் வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது. நல்ல வேளையாகத் தாயும் குழந்தையும் பிழைத்தார்கள்.

மறுநாள் அந்தப் பைலை வரிசை வரிசையாகப் படித்தேன். ஓ நெகட்டிவ் உள்ளவர்கள் உண்மையில் ஐந்து பேர்! மீதி மூன்று பேருக்கு "ஓ நெக்", "ஓ மைனஸ்" என்று அவரவர் விருப்பப்படி டைப் செய்திருந்தார்கள். நமக்கு எல்லாம் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அவை வெவ்வேறு வார்த்தைகள். உபயோகத்தில் இல்லாத நம்பருக்கு உரியவரின் புது நம்பரும் அதே பைலில், ரத்த தான முகாமுக்காகப் போட்ட இன்னொரு ஷீட்டில் இருந்தது. தகவல் எல்லாம் இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் கைக்கு வரவில்லை. அந்தப் பைலை அப்படி வடிவமைத்தவன் நான்தான்.

பெரிய இடங்களிலும் ஷீட்டை நம்பி ஏமாந்திருக்கிறார்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரங்கள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய எக்ஸெல் பைல் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள்தான் இடம். அது நிரம்பியதும் மீதி விவரங்கள் விடுபட்டுப் போயின. நோயாளிகளுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது.

அப்படியானால் டேட்டாபேஸ் என்றால் என்ன? 1970-ல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல்களை டேபிள்களாகப் பிரித்து வைத்து, வேண்டும்போது ஒன்றோடு ஒன்று தொடர்புபடுத்திக் கொள்ளலாம் என்பது அவர் சொன்ன வழி. இதற்காக 1981-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. இன்றும் பெரும்பாலான வங்கிகளின் கணக்குகள் இந்த முறையில்தான் இருக்கின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் உள்ள பெயர்களும் நம்பர்களும்கூட எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில்தான் பதிவாகின்றன.

இதன் அடிப்படையை நான் ஒரே வரியில் சொல்வேன்: ஒரு தகவலை ஒரே ஓர் இடத்தில்தான் எழுத வேண்டும். ரத்த தானப் பட்டியலையே எடுத்துக்கொண்டு, ஒரு பேப்பரில் மீண்டும் வடிவமைத்துப் பார்ப்போமா?

முதல் டேபிள் உறுப்பினர்களுக்கு. ஒரு வரிசை ஒரு நபரைக் குறிக்கும். இதை ரெக்கார்டு என்பார்கள். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு பீல்டு. ஊரில் மூன்று செல்வம் இருப்பார்கள். இனிஷியலும் ஒன்றாக அமையலாம். எனவே ஒவ்வொருவருக்கும் ஓர் உறுப்பினர் எண் கொடுங்கள். இதுதான் பிரைமரி கீ. இது யாருக்கும் இரண்டாம் முறை வரக்கூடாது. இதனுடன் பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, ரத்த வகை, போன் நம்பர் ஆகிய பீல்டுகள் போதும்.

வயதை ஏன் விட்டுவிட்டேன்? இன்று 24 என்று எழுதினால் பத்து வருடம் கழித்தும் அந்த ஷீட்டில் அவருக்கு வயது 24தான்! பிறந்த தேதி இருந்தால் வயதைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டுக் கொள்ளும். ரத்த வகையை யாரும் டைப் செய்ய விடக்கூடாது. வழக்கத்தில் உள்ள எட்டு வகைகளைப் பட்டியலாகக் கொடுத்து அதிலிருந்து தேர்வு செய்ய வைக்க வேண்டும்.

இரண்டாவது டேபிள் தானங்களுக்கு. உறுப்பினர் எண், கொடுத்த தேதி, எந்த மருத்துவமனை என்ற மூன்று பீல்டுகள். ஒருவர் பத்து முறை கொடுத்தால் இங்கே பத்து ரெக்கார்டுகள் வரும். பெயரும் போன் நம்பரும் இங்கே வரவே கூடாது. உறுப்பினர் எண்தான் இரண்டு டேபிள்களையும் இணைக்கும் பாலம். இதற்கு பாரின் கீ என்று பெயர். போன் நம்பர் மாறினால் முதல் டேபிளில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

இனி கேள்வி கேட்கலாம். ஓ நெகட்டிவ் வகையில், கடைசியாகக் கொடுத்து ஆண் என்றால் 90 நாட்களும் பெண் என்றால் 120 நாட்களும் ஆனவர்கள் யார் யார்? இப்படிக் கேட்பதை குவெரி என்கிறோம். பதில் நொடியில் வரும், அதுவும் முழுமையாக வரும்.

இதைச் செய்ய மைக்ரோசாப்ட் ஆக்சஸ் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள பேஸ் புரோகிராம் போதும். ஆனால் எந்த மெனுவில் என்ன இருக்கிறது என்று கற்றுக்கொள்வதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மெனுக்களையும் அறிந்திருந்தேன், விதிகளையும் மனப்பாடம் செய்திருந்தேன். பேப்பரும் பென்சிலுமாக அரை மணி நேரம் உட்கார்ந்து யோசிக்காததுதான் என் தவறு.

எக்ஸெலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கூட்டல், கழித்தல், சராசரி, வரைபடம் போன்றவற்றுக்கு அது அருமையான புரோகிராம். ஒரு தகவலை இரண்டு இடங்களில் எழுதுகிறோம் என்று தெரிந்த உடனே அதை மூடிவிட்டுப் பேப்பரை எடுங்கள். உங்கள் பட்டியலை நீங்கள் பகலில் நிதானமாக டைப் செய்யலாம். ஆனால் வேறொருவர் அதை நள்ளிரவில் பதற்றத்தோடு திறக்க நேரிடலாம். அவருக்காகத்தான் இந்த வடிவமைப்பு.