கைநாட்டுச் சுதந்திரம்

எல்லாரும் சுதந்திர மனிதர்களே. இஷ்டமிருந்தால் வேலை செய், இல்லாவிட்டால் வேறிடம் போ என்கிறது முதலாளித்துவம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், தான் கைநாட்டு வைக்கும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே அறியாதவன் எதைத் தேர்ந்தெடுத்தான், எதற்குச் சம்மதித்தான்?

பிரேஸிலின் வடகிழக்கில், அஞ்ஜிகோஸ் என்ற வறண்ட ஊரில், 1963-ல் பாவ்லோ பிரெய்ரே என்ற கல்வியாளர் இந்தக் கேள்வியோடு மோதினார். எழுத்தறியாத சுமார் 300 பேருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தர முனைந்தார். வயது வந்தவர்களின் கையில் அவர் குழந்தைகளின் அரிச்சுவடியைக் கொடுக்கவில்லை. அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களையே பாடமாக்கினார். 'திஜோலோ' என்றால் செங்கல். அவர் முறையில் பிரசித்தமான சொல் அது. அதை அசை அசையாகப் பிரித்துப் புதுச் சொற்கள் கட்டுவார்கள். அதற்கு முன்பே ஒரு பேச்சு நடக்கும்: செங்கல்லைச் சுமப்பது யார்? எழும்பும் வீட்டில் குடியிருப்பது யார்?

இதற்குப் பணம் வந்தது அமெரிக்க உதவியிலிருந்து! ஏழைக்கு எழுத்து வந்தால் கம்யூனிஸம் வராது என்பது அவர்கள் கணக்கு. எழுத்தோடு கேள்வியும் வரும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அன்றைய பிரேஸிலில் எழுத்தறியாதவனுக்கு ஓட்டு இல்லை. 1985-ல்தான் அது கிடைத்தது. ஆகவே ஒருவன் படித்தால் ஓர் ஓட்டுக் கூடும். 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. தேசம் முழுவதும் பரவவிருந்த திட்டம் நிறுத்தப்பட்டது. பிரெய்ரே சுமார் எழுபது நாள் சிறையிலிருந்தார். பிறகு நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது.

"எழுத்துச் சொல்லித்தருகிறவருக்கு அரசியல் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்காதே, பாடத்தை ஒப்பி என்று பழக்குவது மட்டும் அரசியல் இல்லையா? அது ஆள்வோருக்கு வசதியான அரசியல். அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? பிள்ளைகளுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்க வேண்டுமென்று கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம். எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுக்க முடிவதைச் சுதந்திரம் என்று நம்புகிறோம். பிள்ளை நல்ல விலைக்குப் போகிறான்; அந்த விலையை நிர்ணயிப்பது யார் என்று கேட்க மட்டும் அவனுக்குத் தெரிவதில்லை. அவனும் கைநாட்டுத்தான் வைக்கிறான். அழகான கையெழுத்தில் வைக்கிறான், அவ்வளவே வித்தியாசம்.