குடியானவர் கடனும் குடும்பச் சிக்கனமும்

பயிர் செய்கிறவர் கடன்படுவது குற்றமன்று. விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே உழவு, உரம், கூலி என்று பணம் நாள்தோறும் வெளியே போகும். வரவோ களத்திற்கு நெல் வந்த பிறகுதான். இந்த இடைக்காலத்தைக் கடக்க வாங்கும் கடன், விளைவு கண்டால் களத்திலேயே தீரக்கூடியது. கலியாணம், காதுகுத்து, கருமாதி விருந்து ஆகியவற்றுக்கு வாங்கும் கடனோ ஒரு மணி நெல்லையும் விளைவிப்பதில்லை. ஆயினும் அதையும் தீர்க்க வேண்டியது அதே வயல்தான். இவ்விரு கடன்களையும் ஒன்றாகக் கலந்து வைப்பதே பல குடும்பங்கள் நிலத்தை இழப்பதற்கு முதற்படியாகும்.

குடியானவரைக் காக்கச் சட்டங்கள் இல்லாமலில்லை. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1938-ல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களில் 1937 அக்டோபர் வரை நின்ற வட்டியைத் தள்ளி, முதலுக்கு இருமடங்கு செலுத்தியிருந்தவரின் கடனை அடியோடு தீர்ந்ததாகவே கொண்டது. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் பிறந்தது. 2006-லும் 2021-லும் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியாயின. இவை யாவும் நல்லவையே. ஆனால் சங்கத்தின் பேரேட்டில் இருந்த கடன் தள்ளுபடியான அன்று, பக்கத்து ஊரில் நோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கடன் அப்படியே நின்றது. பழைய கடனைத் தள்ளும் உத்தரவு எதுவும் அடுத்த கலியாணத்தின் பந்தலைச் சிறிதாக்குவதில்லை. அது வீட்டாரின் கையிலேயே இருக்கிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது கணக்கெழுதுவது. வயலுக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு என இரண்டு வேண்டும். விவசாய நகைக்கடன் என்ற பெயரில் வாங்கிய பணம் மண்டபத்து வாடகைக்குச் சென்றால், அதை வீட்டு நோட்டிலேயே எழுத வேண்டும். இவ்வாறு ஒரு வருஷம் எழுதினால், நஷ்டம் பயிரிலா வீட்டிலா என்பது தானே விளங்கும். மழை பொய்த்ததாலும் விலை வீழ்ந்ததாலும் வந்த நஷ்டத்தைச் சிக்கனம் முழுதும் ஈடுசெய்யாது என்பது உண்மையே. வைத்தியச் செலவையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் ஆடம்பரம் என்று சொல்லவும் முடியாது. அதனால்தான் மற்றவற்றில் கை இறுக வேண்டியிருக்கிறது.

அடுத்தது, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பது. ஒரு குடும்பத்திற்குச் சங்கத்தில் பயிர்க்கடன் 80,000 ரூபாய், பாங்கியில் நூற்றுக்கு மாதம் 75 பைசா வட்டியில் நகைக்கடன் 1,00,000 ரூபாய், வெளியில் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் நோட்டுக் கடன் 50,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அறுவடையில் செலவு போக 1,30,000 ரூபாய் மிஞ்சுகிறது. பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் அதற்கு வட்டி இல்லை. தவறினால் அச்சலுகை போய்விடும். எனவே 80,000 அங்கே செல்ல வேண்டும். எஞ்சிய 50,000 ரூபாயில், ஊரார் பார்வைக்கு அஞ்சிப் பாதி நகையை மீட்பவரே மிகுதி. அதனால் மாதம் 375 ரூபாய் வட்டி குறையும். நோட்டுக் கடனை அடைத்தாலோ மாதம் 1,500 ரூபாய் மிச்சம். வருஷத்திற்கு 13,500 ரூபாய் வித்தியாசம். கழுத்து ஒரு வருஷம் வெறுமையாக இருந்தால் கெடுவது ஒன்றுமில்லை. மூன்று ரூபாய் வட்டி மூன்று வருஷம் ஓடினால் முதலுக்கு மேலேயே வட்டி ஏறிவிடும்.

மொய்யையும் கடனாகவே எழுதுவது நலம். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய்விருந்து, வட்டியில்லாமல் ஒரு குடும்பத்திற்குப் பெருந்தொகை சேர்த்துத் தரும் நல்ல ஏற்பாடு. அப்பணத்தில் கிணறு வெட்டியவர் திருப்பிச் செய்யும்போது கலங்குவதில்லை. விருந்திலும் விளம்பரப் பலகையிலும் கரைத்தவர், பிறர் வீட்டு விசேஷத்திற்கு மொய் எழுதவே வட்டிக்குக் கடன் வாங்குகிறார்.

சிக்கனம் என்றால் வயிற்றைக் கட்டுவதன்று. கொல்லையில் கீரையும் அவரையும் போடுவதும், வீட்டுக்குப் பாலை நிறுத்திக்கொண்டு எஞ்சியதை விற்பதும், ஊருக்காகச் செய்யும் செலவைச் சுருக்குவதுமே சிக்கனம். இதில் வழிகாட்ட வேண்டியவர்கள் ஊரில் வசதியுள்ள நிலக்காரர்களும், கிராம நிர்வாக அலுவலரும், ஊராட்சித் தலைவரும், சங்கத்துச் செயலாளருமே. இரண்டு ஏக்கர்க்காரர் தம் மகள் கலியாணத்தைச் சுருக்கினால் ஊர் அவரை ஏழை என்று ஏளனம் செய்யும். இருபது ஏக்கர்க்காரர் சுருக்கினால் அதுவே ஊர் வழக்கமாகிவிடும். பெரிய வீட்டின் ஆடம்பரத்தைப் பார்த்துச் சிறிய வீடு கடன்படுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. வரும் தை மாதக் கலியாணங்களிலேயே அதைத் தொடங்கலாம்.